வீழ்ந்தவன் வழக்கு

விதி என்ற சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. ஒன்று, நெற்றியிலே எழுதப்பட்டதாம். எவராலும் அழிக்க முடியாததாம். எழுதியவன் யார் என்று கேட்கவும் கூடாதாம்! மற்றொன்று, மன்றத்திலே மக்கள் பேராளர்கள் கூடி எழுதுவது; குறை கண்டால் திருத்துவது; வேண்டாமெனில் நீக்குவது. வைகறையிலே பால் கேன்களைக் கட்டிக்கொண்டு மிதிவண்டியில் புறப்பட்டவனைப் பின்னால் வந்த லாரி சாய்த்துவிட்டுப் போனால், சாலையோரத்திலே கூடும் கூட்டம் முதற் பொருளைத்தான் முணுமுணுக்கிறது. "அவன் விதி அவ்வளவுதான்" என்கிறது. லாரி முதலாளிக்கு இதைவிட இனிக்கும் சொல் வேறு உண்டா? நெற்றி எழுத்தின் மீது பழியைப் போட்டுவிட்டால் வழக்கேது, வாய்தாவேது, இழப்பீடுதான் ஏது?

நாம் பேச வந்தது இரண்டாவது விதியைப் பற்றி. மோட்டார் மோதி வீழ்ந்த மிதிவண்டிக்காரனுக்குச் சட்டம் எப்போது, எவ்வளவு, எந்த மனத்தோடு கை கொடுத்தது என்ற வரலாற்றைப் பற்றி. அந்த வரலாறு நெடுகிலும் ஒரு கேள்வியே திரும்பத் திரும்ப எழுந்து நிற்கிறது. மெய்ப்பிக்கும் சுமை யாருடையது? கால் ஒடிந்து கட்டிலிலே கிடப்பவன், "ஓட்டியவன் தவறினான்" என்று மெய்ப்பிக்க வேண்டுமா? மோதியவன், "நான் தவறவில்லை" என்று மெய்ப்பிக்க வேண்டுமா? கேட்பதற்குச் சிறிய கேள்வி. ஆனால் குடும்பங்கள் நிமிர்ந்ததும் குலைந்ததும் இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடையைப் பொறுத்துத்தான்.

வெள்ளையன் கப்பலேறிப் போய்விட்டான். அவன் எழுதி வைத்த சட்டநூல் அவனோடு போகவில்லை. ஆகவே நம் ஊர்ச் சாலையிலே நடக்கும் மோதலுக்கு நியாயம் தேடுவோர், முதலில் இங்கிலாந்து நாட்டுப் பழைய வழக்குகளைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. புரட்டினால் வியப்பும் வருகிறது, வேதனையும் வருகிறது.

மனிதனைக் கொன்ற வண்டியை, அல்லது அதன் விலையை, "கடவுளுக்கு உரியது" என்று பெயர் சூட்டி அரசு எடுத்துக்கொள்ளும் வழக்கம் அந்நாட்டிலே 1846 வரை இருந்தது. பெயர் கடவுளுக்கு, பொருள் அரசுக்கு! மாண்டவன் மனைவிக்கு அதிலே உரிமை இல்லை. 1808-இல் ஒருவர் மனைவியுடன் குதிரைக் கோச்சின் மேல்தட்டில் அமர்ந்து சென்றார். கோச்சு கவிழ்ந்தது. அவருக்குக் காயம், மனைவி ஒரு திங்கள் அளவில் மாண்டார். எல்லன்பரோ பிரபு தீர்ப்பளித்தார்: மனைவி உயிரோடு கிடந்த நாள் வரைக்கும் கணவனுக்கு நேர்ந்த இழப்புக்கு ஈடு உண்டு, மாண்ட பிறகு இல்லை. மனித உயிரின் முடிவை உரிமையியல் மன்றத்திலே இழப்பாகக் கணக்கிட முடியாதாம். காயப்படுத்தினால் காசு கொடு. கொன்றுவிட்டால் கொடுக்க வேண்டாம்! சீமான்களின் நாட்டுச் சட்டம் அல்லவா, சிக்கனமாகத்தான் இருந்தது.

மறு ஆண்டு, 1809-இல், அதே நீதிபதியின் முன் இன்னொரு வழக்கு. டெர்பி நகரிலே ஒருவன் தன் வீட்டைப் பழுதுபார்க்கும்போது சாலையின் குறுக்கே ஒரு கழியை வைத்திருந்தான். ஆகஸ்டு மாத மாலை எட்டு மணி. வீடுகளிலே அப்போதுதான் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். குதிரையை விரட்டிக்கொண்டு வந்த ஒருவன் கழியிலே மோதி, குதிரையோடு விழுந்து, கடுங்காயம் அடைந்தான். சாலையை மறித்தது குற்றமா? குற்றம்தான். ஆனாலும், "நீ மெல்ல வந்திருந்தால் நூறு கஜத்திலேயே கழியைக் கண்டிருப்பாய், உன் மீதும் தவறு உண்டு, ஆகவே உனக்கு ஒன்றுமில்லை" என்று முடிந்தது வழக்கு. பத்திலே ஒன்பது பங்கு தவறு எதிராளியுடையது என்றாலும் சரி, வீழ்ந்தவனிடம் ஒரு பங்கு தவறு கண்டால் போதும், அவன் கை வெறுங்கை. இந்த விதி ஒன்றே போதுமானதாக இருந்தது வக்கீல்களுக்கு, ஏழையின் வழக்கை எரிப்பதற்கு. விளக்கில்லை, மணியடிக்கவில்லை, ஓரத்தை விட்டு ஓரடி விலகினான் என்று ஏதேனும் ஒரு குறையைக் கண்டுபிடித்தால் வழக்கு அத்தோடு சாம்பல்.

1842-இல் ஒரு கழுதை வந்து இதனைச் சற்றே தளர்த்தியது. ஆம், கழுதைதான்! முன்னங்கால்களைக் கட்டி, பொதுச்சாலையோரத்திலே அதை மேயவிட்டிருந்தான் அதன் சொந்தக்காரன். மூன்று குதிரை பூட்டிய சரக்கு வண்டி, வண்டிக்காரன் சற்றுப் பின்தங்கி நடந்துவர, இறக்கத்திலே விரைந்து வந்து கழுதையின் மேல் ஏறியது. சாலையிலே கழுதையைக் கட்டிவைத்தது தவறு என்று வாதாடினார்கள். கழுதை அங்கே நிற்க உரிமையற்றதாகவே இருக்கட்டும், அதற்காக அதன் மேல் வண்டி ஏற்றலாமா, கடைசி நேரத்திலே விலகியிருக்கக் கூடியவன் யார் என்று கேட்டது மன்றம். கழுதைக்காரனுக்கு 40 ஷில்லிங் கிடைத்தது. வலியவன் விலகிச் செல்லக் கடமைப்பட்டவன் என்ற கருத்து சட்ட நூலிலே நுழைந்த வழிகளுள் இது ஒன்று. மனிதனுக்காக நுழையாதது கழுதைக்காக நுழைந்தது! தவறைப் பங்கிட்டு, வீழ்ந்தவனின் பங்கை மட்டும் கழித்து மீதியைக் கொடு என்ற தெளிவான சட்டம் இங்கிலாந்திலே வருவதற்கு 1945 ஆகிவிட்டது.

மாண்டவன் குடும்பம் வழக்காடலாம் என்ற சட்டம் 1846-இல் வந்தது. இரயில் ஓடத் தொடங்கி உயிர்கள் மலிவாய்ப் போன பிறகுதான் பிரபுக்கள் மனம் இளகியது. அதே சட்டத்தின் சாயலில் 1855-இல் இந்தியாவுக்கும் ஒன்று எழுதினார்கள். அந்த 1855-ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டாரைக் கண்டதில்லை, மிதிவண்டியையும் கண்டதில்லை. ஆயினும் நூறாண்டுக் காலம் நம் நாட்டுக் கைம்பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் நீதிமன்றப் படி ஏறினார்கள்.

இனி வண்டிகள் வருகின்றன. 1885-இல் ஸ்டார்லி என்பார் கவென்ட்ரி நகரிலே இன்றுள்ள வடிவிலான மிதிவண்டியை உருவாக்கினார். மறு ஆண்டே ஜெர்மனியில் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்கு உரிமை பெற்றார். ஒரே தலைமுறைப் பிள்ளைகள் இரண்டும். ஒன்று உழைப்பவன் காலுக்குக் கீழே சென்றது, மற்றொன்று செல்வன் வாயிலிலே நின்றது. இரண்டும் சந்தித்தபோது என்ன ஆயிற்று? 1896 மே மாதம் நியூயார்க் நகரிலே ஒரு மோட்டார், மிதிவண்டியில் சென்ற ஒரு பெண்ணின் மேல் மோதிக் காலை முறித்தது. அமெரிக்காவிலே பதிவான முதல் மோட்டார் மோதல்களுள் ஒன்று என்று அதைச் சொல்கிறார்கள். பிறந்தவுடனேயே பாய்ந்துவிட்டது பெரிய வண்டி, சிறிய வண்டியின் மேல்.

இங்கிலாந்தின் மிதிவண்டிக்காரர்கள் வாளாவிருக்கவில்லை. 1878-இலேயே சங்கம் கண்டவர்கள் அவர்கள். மிதிவண்டியும் ஒரு வண்டியே, சாலையிலே அதற்கும் இடமுண்டு என்பது 1888-ஆம் ஆண்டுச் சட்டத்திலே ஏறியது. சங்கத்தார் சந்தா செலுத்தினர். வீழ்ந்த உறுப்பினருக்குச் சட்டத் துணை தருவதும் சங்கத்தின் பணிகளுள் ஒன்றாயிற்று. தனியனாய் நின்றால் மோட்டார் முதலாளியின் வக்கீலிடம் தோற்பவன், சங்கமாய் நின்றபோது தலைநிமிர்ந்தான். 1930-இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. மோட்டார் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் பிறருக்கு நேரும் காயத்துக்காகக் காப்பீடு செய்தே தீர வேண்டும் என்றது அது. நல்ல விதி. ஆனால் அதே சட்டம் மோட்டார் காருக்கு இருந்த வேகக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டது! ஒரு கையிலே மருந்து, மறு கையிலே நஞ்சு. 1934-இல் மட்டும் 7,000-க்கு மேற்பட்டோர் பிரிட்டன் நாட்டுச் சாலைகளிலே மாண்டனர். ஊர்ப்புறங்களிலே 30 மைல் என்ற எல்லையை மீண்டும் போட்டார்கள். ஆயினும் மெய்ப்பிக்கும் சுமை அங்கே இன்றுவரை, பொதுவாக, வீழ்ந்தவன் தோளிலேதான்.

கடலைத் தாண்டி நெதர்லாந்துக்கு வந்தால் வேறு காட்சி. மிதிவண்டியிலே அமைச்சரும் செல்வார், ஆயாவும் செல்வாள் என்னும் நாடு அது. 1924-ஆம் ஆண்டு அந்நாட்டார் தங்கள் சட்டத்திலே ஒரு விதியைச் சேர்த்தார்கள். மோட்டாரில் அல்லாது சாலையிலே செல்பவன்மீது மோட்டார் மோதினால், அதன் உடையவனே பொறுப்பு. தன் கைக்கு மீறிய நிகழ்ச்சி என்று அவன் மெய்ப்பித்தால் மட்டுமே தப்பலாம். சுமை தோள் மாறியது! பாருங்கள், நூறாண்டுக்கு முன்பே. 1990-களின் தொடக்கத்திலே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக்கியது. அடிபட்ட குழந்தை 14 வயதுக்குக் கீழ் என்றால், அக்குழந்தை தவறியிருந்தாலும் முழு ஈடு தருக. பெரியவர் என்றால், அவர் மீது தவறிருப்பினும், குறைந்தது பாதி தருக. வேண்டுமென்றே விழுந்தாலோ, ஏறத்தாழ அதற்கு ஒப்பான முரட்டுத்தனம் காட்டினாலோதான் விலக்கு. வலிய வண்டியைச் சாலைக்குக் கொண்டு வந்தவன் அதன் ஆபத்தையும் உடன் கொண்டு வந்தவன். அந்த ஆபத்தின் விலையை அவனே தருக என்பது இதன் உட்பொருள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. 1924-லேயே இவ்வளவு நல்ல விதி இருந்தும், 1971-இல் அந்தச் சின்னஞ்சிறு நாட்டிலே 3,000-க்கு மேற்பட்டோர் சாலையிலே மாண்டனர். அவர்களுள் 400-க்கு மேற்பட்டோர் குழந்தைகள். 1972-இல், தன் மகளைப் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் "குழந்தைக் கொலையை நிறுத்துக" என்று எழுதினார். பெற்றோர் திரண்டனர், தெருக்களிலே அமர்ந்தனர், மிதிவண்டிக்கெனத் தனிப் பாதைகள் பெருகின. இழப்பீடு என்பது வீழ்ந்த பின் வருவது. வீழாமல் காக்க வேறு போர் தேவைப்பட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். 1914-ஆம் ஆண்டு மோட்டார் சட்டம் எழுதிய வெள்ளை அரசு கட்டாயக் காப்பீட்டைப் பற்றிப் பேசவில்லை. 1939-ஆம் ஆண்டுச் சட்டம் பேசியது; ஆனால் அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை முதல் நாளில். அதுவரை? வழக்கிலே வென்றாலும், ஓட்டுநர் ஓட்டாண்டி. முதலாளி ஓடி ஒளிபவர். தீர்ப்பை மடித்துத் தலையணைக்கு அடியிலே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். காப்பீடு வந்த பிறகும் உரிமையியல் மன்றத்துக்கே போக வேண்டும். கேட்கும் தொகைக்கு ஏற்ப முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். காலை இழந்தவன் கட்டணத்துக்கு எங்கே போவான்? 1956-இல் சட்டத்தைத் திருத்தி, மோட்டார் விபத்துக்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழி செய்தார்கள். கதவு ஒன்று திறந்தது.

இங்கே மிதிவண்டிக்காரர் அறிய வேண்டிய செய்தி ஒன்று. மோட்டார் சட்டத்தின் கண்ணுக்கு மிதிவண்டி மோட்டார் வண்டி அன்று. ஆகவே அதற்கு ஓட்டுநர் உரிமமும் வேண்டா, காப்பீடும் வேண்டா. "உன்னிடம் என்ன தாள் இருக்கிறது?" என்று மிரட்டுவோரிடம், வேண்டியதில்லை என்று சொல்லலாம். ஒரு காலத்திலே நகராட்சிகள் மிதிவண்டிக்கு வரி வாங்கி வில்லை கொடுத்ததும், விளக்கில்லாமல் சென்றவனையும் இருவராய்ச் சென்றவனையும் பிடித்துத் தண்டம் விதித்ததும் மூத்தோர் நினைவிலே இருக்கும். எளியவன் ஏறிய வண்டிக்குத்தான் எத்தனை காவல்!

கதவு திறந்தது என்றோம். ஆனால் உள்ளே நின்றது பழைய பூதம். 1977-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கிலே, தீர்ப்பாயம் என்றாலும் ஓட்டுநரின் தவறு மெய்ப்பிக்கப்பட்டால்தான் உடையவருக்குப் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. 1979-இல் வந்த வழக்கோ நெஞ்சைச் சுடுவது. அரியானாவிலே அரசுப் பேருந்து மோதி, குடும்பத்துக்குச் சோறு போட்டவர் மாண்டார். மனைவியும் மகளும் தீர்ப்பாயத்துக்கு வந்தனர். கட்டணம் கட்டக் காசில்லை. ஏழைகளுக்கு உள்ள விலக்கை எங்களுக்குத் தாருங்கள் என்றனர். உயர் நீதிமன்றம் தந்தது. தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வரை ஓடியது யார்? அரசு! பேருந்தும் அரசுடையது, கொன்றதும் அரசுப் பேருந்து, அழுதுகொண்டு வந்தவளிடம், "அழுவதற்கு முன் கட்டணத்தைக் கட்டு" என்றதும் அரசு. நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த வாதத்தைக் கிழித்தெறிந்தார். ஏழையை விலை சொல்லி நீதிமன்ற வாயிலிலே தடுக்கக் கூடாது என்று இடித்துரைத்தார். மறு ஆண்டு தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு பேருந்து வழக்கிலும் அவர் கருத்து அதுவே: ஆங்காங்கே தோன்றும் சிறு ஐயங்களைக் காட்டி ஓட்டுநரும் உடையவரும் தப்ப விடக் கூடாது, குற்றவியல் மன்றத்திலே விடுதலை பெற்றாலும் இழப்பீட்டுப் பொறுப்பு போய்விடாது.

1982 அக்டோபரிலே சுமை ஓரளவு தோள் மாறியது. தவறு யாருடையது என்று கேளாமலே, உயிர் போனால் 15,000 ரூபாய், நிரந்தர ஊனமானால் 7,500 ரூபாய் தருக என்றது திருத்தம். மோதிவிட்டு மறைந்துபோன வண்டி என்றால், உயிருக்கு 5,000, கொடுங்காயத்துக்கு 1,000. தொகை சிறிது; தத்துவம் பெரிது. 1988-ஆம் ஆண்டுப் புதுச் சட்டத்தின் வழி அது 25,000 ஆயிற்று. 1994-இல் 50,000 ஆயிற்று. 2019-இல் செய்த திருத்தம் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, தவறு கேளாத் தொகை உயிருக்கு 5 இலட்சம், கொடுங்காயத்துக்கு 2½ இலட்சம் என்று உயர்ந்தது. ஆனால் உள்ளே ஒரு கண்ணி உண்டு. இதை ஏற்றுக்கொண்டால், தவறை மெய்ப்பித்துப் பெருந்தொகை கேட்கும் வழக்கு முடிந்துபோகும். எதைக் கொள்வது, எதை விடுவது? படிக்காத பாட்டாளி இதை எவரிடம் கேட்பான்? மருத்துவமனை வாயிலிலே சுற்றும் தரகனிடமா? மேலும், 1994-இல் நீக்கிய காலவரையறையை மீண்டும் கொண்டு வந்து, ஆறு திங்களுக்குள் மனுச் செய்க என்றும் விதித்தார்கள். அந்த விதியை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. அது உயிரின் விலைக் கணக்கு. இழப்பீட்டை வருமானத்தைக் கொண்டு அளக்கிறார்கள். 1994-ஆம் ஆண்டுப் பட்டியல், வருவாய் இல்லாதவருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று கற்பித்துக்கொண்டது. இல்லத்தரசிக்கு? கணவன் வருவாயிலே மூன்றில் ஒரு பங்கு! விடியுமுன் எழுந்து, நள்ளிரவிலே படுப்பவளின் உழைப்பு மூன்றில் ஒன்று. 2010-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பார்வையைக் கடிந்தது. இல்லப்பணி செய்யும் பெண்களைப் பிச்சையெடுப்போரோடும் சிறைப்பட்டோரோடும் ஒரே வரிசையில் வைத்த 2001 மக்கள் கணக்கெடுப்பையும் நீதிபதி ஒருவர் கண்டித்தார். 2014-இல் ஒரு காய்கறி வணிகரின் வழக்கிலே, தெருவிலே விற்பவனிடம் வருமானச் சான்று கேட்பது முறையன்று என்று சொல்லித் திங்களுக்கு 6,500 ரூபாய் என மதித்தது. பால்காரனும் கொத்தனும் கூலிப் பெண்ணும் மிதிவண்டியிலே செல்பவர்கள். சம்பளச் சீட்டு இல்லாதவர்கள். அவர்கள் வழக்கிலே இத்தீர்ப்பை எடுத்துக்காட்ட ஒரு வக்கீல் வேண்டும்.

புதுக்கோட்டையிலே 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்றுத் தந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள், நேற்றுவரை கணவன் பின்னால் நடந்தவர்கள், சாலையிலே வண்டியோட்டிச் சென்றார்கள். இன்று நம் வகுப்பறைப் பிள்ளைகளுக்கு அரசு விலையின்றி மிதிவண்டி தருகிறது. மணி அடிக்கும் நேரத்திலே பள்ளி வாயிலிலிருந்து நெடுஞ்சாலைக்கு அந்த வண்டிகள் வரிசையாக இறங்குவதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அந்தச் சாலையிலே எதிரே வருவது என்ன என்பதையும் பார்க்கிறோம். பாடநூலிலே அக்பர் ஆட்சிமுறை இருக்கிறது. அடிபட்டால் எந்த மன்றத்துக்குப் போக வேண்டும் என்பது இல்லை.

துணை இல்லாமலா இருக்கிறது? இருக்கிறது. 1976-இல் அரசமைப்புச் சட்டத்திலே சேர்த்த 39-ஏ என்ற பிரிவு, பணமின்மையால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்கிறது. அதன் வழிவந்த சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1987-இல் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வக்கீல் கட்டணமின்றிக் கிடைப்பார். ஏனையோருக்கு வருமான வரம்பு உண்டு. காவல்துறையும் விபத்து நடந்த 48 மணி நேரத்திலே முதல் அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அடிபட்டவன் மயங்கிக் கிடக்கையிலே, ஓட்டியவன் வாய்மொழியே முதல் அறிக்கையாகிவிடுவது எங்கும் காணும் கதை. ஆகவே கண்ணால் கண்டவர் வாய்திறக்க வேண்டிய வேளை அந்த 48 மணி நேரம்தான்.

கோவையிலே எலும்பு முறிவு மருத்துவர் ஒருவர் இருக்கிறார், டாக்டர் எஸ். இராஜசேகரன். முறிந்த எலும்புகளை ஒட்டவைப்பதோடு நில்லாமல், ஏன் முறிகின்றன என்று கேட்டு 2012-இல் உச்ச நீதிமன்றத்திலே பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கிலே 2024 சனவரி 12-இல் நீதிமன்றம் ஒரு கணக்கைக் கண்டது. 2022-இல் மோதிவிட்டு மறைந்த வண்டிகளால் நேர்ந்த விபத்துகள் 67,387. இப்போது அத்தகைய விபத்திலே உயிருக்கு 2 இலட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. கேட்டு வந்தவர் எத்தனை பேர்? 2022-23-இல் வந்த கோரிக்கைகள் 205! தீர்ந்தவை 95. பணம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, கேட்பார் இல்லை. ஏன் இல்லை? மறைந்துபோன வண்டியை எங்கே தேடுவது, விதி என்று வீட்டிலே அமர்ந்துவிட்டார்கள். அமர்ந்தவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

நீதிமன்றம் ஆணையிட்டது: ஒரு திங்களுக்குள் மோதிய வண்டி எதுவென்று தெரியாவிட்டால், காவல் அதிகாரி காயம்பட்டவருக்கோ மாண்டவர் குடும்பத்துக்கோ, இப்படி ஒரு திட்டம் உண்டு என்று எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். விண்ணப்பம் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையிலுள்ள விசாரணை அதிகாரியிடம் போகும். மாவட்ட ஆட்சியர் ஒப்புதல் தருவார். காப்பீட்டுக் கழகங்களின் மன்றம் பணம் தரும். அந்தக் கடிதம் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறது, அந்தந்த வட்டாரத்திலே? கேட்பதற்கு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது; கட்டணம் 10 ரூபாய்.